ம்ம் என்றால் ஆமாம், ம்ஹும் என்றால் இல்லை

வாசகர் கேள்வி – பதில்

விபத்து, தீ, திருட்டு என்று இழப்பீடு கேட்டு வருபவரிடமும், நேரில் பார்த்த சாட்சிகளிடமும் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர் பேசி ஒலிப்பதிவு செய்வார். அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேள்வி, பதில் என்று வரி பிரித்து டைப் செய்பவர்கள் வேறு ஆட்கள். பதிவில் இருக்கும் கோளாறுக்கெல்லாம் திட்டு வாங்குபவர்களும் அவர்களே. இந்த முறை கேள்விகள் அவர்களிடமிருந்து.

கேள்வி: 20 நிமிடப் பேட்டியை முடிக்க எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. "இருபது நிமிஷம்தானே" என்கிறார்கள். என் வேகம் போதாதா?
– வீட்டிலிருந்து டைப் செய்யும் வாசகி

விரலைக் குறை சொல்வதற்கு முன் ஆடியோவைப் பாருங்கள். குரல் தெளிவாக இருந்து, இரண்டே பேர், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடாமல் பேசியிருந்தால், ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேரம் என்பது இந்தத் தொழிலின் வழக்கமான கணக்கு. அதாவது 20 நிமிடத்துக்கு 80 நிமிடம். சாலை ஓரத்தில் நின்று பேசியது, ஸ்பீக்கர்போனில் பேசியது, நடுவில் மனைவியோ மகனோ பதில் சொன்னது என்றால் ஆறு மடங்கு, எட்டு மடங்கு போவது சாதாரணம். உங்களுடையது ஏழரை மடங்கு. மோசமான ஆடியோ என்றால் குற்றம் உங்களிடம் இல்லை. நல்ல ஆடியோவுக்கே இவ்வளவு ஆகிறதென்றால் நேரம் எங்கோ ஒழுகுகிறது.

பெரும்பாலும் ஒழுகும் இடம் மவுஸ். ஆறு விநாடிக்கு ஒருமுறை நிறுத்தினால் 20 நிமிடத்தில் 200 நிறுத்தம். ஒவ்வொன்றுக்கும் கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போய்வர மூன்று விநாடி என்றால் பத்து நிமிடம் அங்கேயே போயிற்று. ஃபுட் பெடல் வாங்குங்கள்: ஓட்ட, பின்னே தள்ள, முன்னே தள்ள என்று மூன்று மிதி. வாங்க முடியாவிட்டால் ஆடியோ ஓட்டும் மென்பொருளில் F கீகளுக்கு இந்த மூன்று வேலையையும் ஒதுக்குங்கள். காலை எடுத்து மறுபடி வைக்கும்போது ஒன்றரை அல்லது இரண்டு விநாடி தானே பின்னால் போய்த் தொடங்கும் வசதி எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் போன்ற மென்பொருள்களில் உண்டு. அதைப் போட்டுவைத்தால் விட்ட சொல்லைத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்தது, "கே:", "ப:" என்று ஒவ்வொரு வரிக்கும் டைப் செய்வது. வேர்டில் 'கேள்வி', 'பதில்' என்று இரண்டு ஸ்டைல் உருவாக்குங்கள். கேள்வி ஸ்டைலுக்கு அடுத்த பத்தி பதில் என்றும், பதிலுக்கு அடுத்த பத்தி கேள்வி என்றும் அமைத்துவிட்டு, எண் வரிசை போடும் வசதியில் எண்ணை நீக்கி "கே:" "ப:" என்ற எழுத்தை மட்டும் வையுங்கள். அதன்பின் என்டர் தட்டினால் ஆள் மாறும்.

ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் விசாரணையாளர் சொல்லும் "இந்த உரையாடல் பதிவாகிறது, உங்கள் சம்மதத்துடன்தானே?" என்ற பகுதி எல்லாப் பேட்டியிலும் ஒன்றுபோல இருப்பதால் அதைக் கணினியில் சேமித்துவைத்து ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அவசரத்தில் அவர் "சம்மதத்துடன்தானே" என்பதையே விழுங்கியிருப்பார். ஆடியோவில் இல்லாத சம்மதம் உங்கள் தாளில் இருக்கும்.

கேள்வி: போன் பேட்டியில் "எஸ்" என்றாரா "எஃப்" என்றாரா என்று எத்தனை முறை கேட்டாலும் பிடிபடவில்லை. விலை கூடிய ஹெட்போன் வாங்கினால் சரியாகுமா?
– ஏழு மாத அனுபவமுள்ள வாசகர்

ஆகாது. சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்துகிறது. "ஸ்" என்ற சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அது கம்பியிலேயே வரவில்லை. ஃபைலில் இல்லாததை எந்த ஹெட்போனும் உண்டாக்காது. எம்–என், பி–டி–ஜி–வி என்று எழுத்துகளின் பெயர்கள் குழம்புவதற்கும் இதில் பங்கு உண்டு. எச்.டி. வாய்ஸ் எனப்படும் அழைப்புகளில் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை வரும். அந்தப் பதிவு கிடைத்த நாளில் வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

இருப்பதை மட்டும் கொஞ்சம் துடைத்து எடுக்கலாம். முதலில் ஃபைலைப் பிரதி எடுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். நேரில் எடுத்த பேட்டி என்றால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் ஏசி, மின்விசிறியின் உறுமல் குறையும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 முதல் 6 டெசிபல் கூட்டினால் மெய்யெழுத்துகள் கொஞ்சம் முன்னால் வரும். ஒருவர் குரல் பெரிதாகவும் மற்றவர் குரல் முணுமுணுப்பாகவும் இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரெஸர் வசதியைப் போடுங்கள். இரைச்சல் நீக்கும் கருவியை 6 முதல் 12 டெசிபலுக்கு மேல் திருகாதீர்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, முன்பு கேட்டதும் கேட்காமல் போகும். மைக் தாங்காமல் உடைந்த ஒலி, அதாவது அலையின் தலை வெட்டுப்பட்டது, திரும்ப வராது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் ஒருவர் குரல் திடீரென அறுந்துபோகிறது. என் கணினியில் கோளாறா?
– வாசகர்

விசாரணையாளர் ஸ்பீக்கர்போனில் பேசியிருக்கிறார். எதிரொலி வராமலிருக்க அந்தக் கருவிகள் பல, ஒரு பக்கம் பேச்சு வந்தால் மறுபக்கத்தை அடைத்துவிடும். அவர் "ஓகே, ஓகே" என்று இடையில் சொன்ன ஒவ்வொரு முறையும் பதில் சொல்பவரின் இரண்டு மூன்று சொற்கள் போயிருக்கும். அவை பதிவிலேயே இல்லை.

ஃபைல் ஸ்டீரியோவாக இருந்தால் மட்டும் ஒரு வழி பாருங்கள். சில பதிவு அமைப்புகள் விசாரணையாளரை ஒரு சேனலிலும் எதிரிலிருப்பவரை இன்னொரு சேனலிலும் எழுதுகின்றன. ஆடாசிட்டியில் டிராக் பெயரைத் தட்டி ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மௌனமாக்கிக் கேளுங்கள். மேலே விழுந்து பேசிய இடங்கள் அப்படியே பிரிந்து வரும். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் இரண்டு காதிலும் கலந்து கேட்டு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

கேள்வி: பேச்சுத் தமிழில் சொல்வதை எழுத்துத் தமிழில் மாற்றித் தரலாமா? படிக்க நன்றாக இருக்குமே.
– தமிழ் முதுகலை படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த வாசகி

படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காப்பீட்டுப் பேட்டியில் மாற்றக்கூடாத இடங்கள் தமிழுக்கே உரியவை சில இருக்கின்றன. இலக்கணம் தெரிந்தவர்களே அதில் அதிகம் விழுகிறார்கள், கை தானாகத் திருத்துவதால்.

இந்தத் துண்டைப் பாருங்கள்:

கே: வேன் எங்க இருந்து வந்துச்சு?
ப: இல்ல, நான் சிக்னல்ல நின்னுட்டிருந்தேன். பின்னாடி வேன் வந்துச்சு. முன்னாடியே ஹாரன் அடிச்சிருக்கலாம்ல.
கே: அடிச்சாங்களா?
ப: அடிக்கல. ஆமா.

"பின்னாடி வேன் வந்துச்சு" என்றால் எனக்குப் பின்புறமிருந்து வந்தது என்றும் இருக்கலாம், நான் நின்ற பிறகு வந்தது என்றும் இருக்கலாம். பேச்சில் "பின்னாடி" இடத்துக்கும் வரும், நேரத்துக்கும் வரும். "முன்னாடி"யும் அப்படித்தான். எழுத்துத் தமிழுக்குப் போகிறவர் "பின்புறம்" அல்லது "பின்னர்" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த நொடியில் யார் யாரை இடித்தார் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். அது உங்கள் வேலை இல்லை. "பின்னாடி" என்றே விடுங்கள். விசாரணையாளர் அங்கே இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த ஓட்டை தாளிலும் ஓட்டையாகவே தெரியட்டும்.

முதல் சொல்லான "இல்ல" எதையும் மறுக்கவில்லை. பேச்சைத் தொடங்கும் இழுவை அது. அதை "இல்லை." என்று முற்றுப்புள்ளி வைத்துத் தனி வாக்கியமாக்கினால் கேள்வியை மறுத்ததாகிவிடும். காற்புள்ளி போதும்.

கடைசி வரி இன்னும் மோசம். "அடிக்கல. ஆமா" என்பது வேகமாக வந்தால் "அடிக்கலாமா" என்று காதில் விழும். "பாக்கல, ஆமா" என்பது "பாக்கலாமா" ஆகும். எதிர்மறை முழுவதும் அந்த ஒரு "ல"வில் தொங்குகிறது. சந்தேகம் வந்தால் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்து, "ல"வுக்குப் பின் குரல் இறங்குகிறதா என்று கேளுங்கள். இறங்கினால் வாக்கியம் அங்கே முடிந்தது.

எழுவாயையும் சேர்க்காதீர்கள். "இடிச்சுட்டு நிக்காம போயிட்டாங்க" என்பதில் யார் என்று சொல்லப்படவில்லை. மரியாதைக்கு ஒருவரையும் "போயிட்டாங்க" என்போம், நான்கு பேரையும் என்போம். "வந்துச்சு" என்பது வண்டியா, நாயா, குழந்தையா என்பதும் அப்படியே. முன்வரியைப் பார்த்து நமக்குத் தெரிந்ததுபோல இருக்கும். தெரிந்ததுபோல இருப்பதை அடைப்புக்குறிக்குள்கூடப் போட வேண்டாம்.

எதை மாற்றலாம் என்றால், நிறுவனம் 'சுத்தமான' பிரதி கேட்டிருந்தால் "வந்து... வந்து..." என்ற திக்கலையும், இடையிடையே விசாரணையாளர் போடும் "ம்", "சரி"யையும் எடுத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் அப்படியே கேட்டிருந்தால் அதுவும் இருக்க வேண்டும். எந்த வகை என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: "ம்" என்று மட்டும் சொன்னால் எப்படி எழுதுவது?
– வாசகி

"ம்ம்" ஒப்புதல், "ம்ஹும்" மறுப்பு, "ம்?" திரும்பக் கேட்பது. மூன்றும் வேறு வேறு. மூன்றையும் "ம்" என்றே எழுதினால் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றாகும். எந்த ஓசைக்கு எந்த எழுத்து என்று ஒரு முறை முடிவு செய்து எல்லா ஃபைலிலும் அதையே வையுங்கள். ஆனால் "ம்ம்" என்பதை "ஆமாம்" என்று விரிக்க வேண்டாம். நேர்ப் பேட்டியில் தலையாட்டல் உங்களுக்குக் கேட்காது. பதில் இல்லாமல் அடுத்த கேள்வி வந்தால் "[ஒலி வடிவில் பதில் இல்லை 00:06:41]" என்று எழுதுங்கள். "தலையசைத்தார்" என்று எழுத நீங்கள் அங்கே இல்லை.

கேள்வி: ஒரு பக்கத்துக்கு நான்கு "தெளிவில்லை" வந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். ஊகித்து நிரப்பினால் பாராட்டுகிறார்கள். என்ன செய்வது?
– சலித்துப்போன வாசகர்

சலிப்பு நியாயமானது. இருந்தாலும் ஊகித்து நிரப்பிய வரி வழக்கு வரை போய் அங்கே ஆடியோவை ஓட்டிக் காட்டும்போது, பாராட்டியவர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்.

விடுபட்ட சொல்லுக்கு மூன்று முறை கொடுங்கள். முதலில் இயல்பான வேகத்தில், சொல்லுக்கு ஐந்து விநாடி முன்னாலிருந்து. ஒரே சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினால் காது தனக்குத் தோன்றியதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அதை விடாது. இரண்டாவது, 75 அல்லது 80 சதவீத வேகத்தில். அதற்குக் கீழே போனால் ஒலி குழையும். சில சமயம் 110 சதவீதத்துக்குக் கூட்டினால் வாக்கியத்தின் ஓட்டம் பிடிபட்டுச் சொல் விழும், அதையும் பாருங்கள். மூன்றாவது முறை அப்போதே வேண்டாம், முழு ஃபைலையும் முடித்தபின். ஐந்தாம் நிமிடத்தில் விழுங்கிய மருத்துவமனைப் பெயரை அவரே பதினெட்டாம் நிமிடத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பார்.

அதன்பிறகும் கேட்காவிட்டால் "[தெளிவில்லை 00:07:12]". பாதிச் சொல் கேட்டால் பாதியை மட்டும்: "நிறுத்[தெளிவில்லை 00:07:12]". "நிறுத்துனேன்", "நிறுத்தல" இரண்டும் அந்தப் பாதியிலிருந்து வரக்கூடியவை. பிரேக் போட்டாரா இல்லையா என்பதே வழக்கு. பெயர் ஒலியில் கேட்டது, எழுத்து தெரியவில்லை என்றால் "(ஒலிப்படி)" என்று பக்கத்தில் போடுங்கள். இரண்டும் வேறு: முன்னது கேட்கவில்லை, பின்னது கேட்டது.

திருப்பி அனுப்புகிறவர்களுக்குத் தாளின் தலையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "பதிவின் தன்மை: ஸ்பீக்கர்போன், 00:04 முதல் 00:11 வரை போக்குவரத்து இரைச்சல்." புகார் போல இராது. ஆனால் அடுத்த முறை விசாரணையாளரிடம் யாராவது கேட்பார்கள்.

கேள்வி: வண்டி எண், சேசிஸ் எண், தொகை இவற்றில்தான் அதிகம் தவறு விடுகிறேன்.
– வாசகர்

எல்லாரும் அங்கேதான் விடுகிறார்கள். அதனால் எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று வையுங்கள்: டைப் முடித்தபின் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் போய் ஆடியோவின் அந்த இடத்தை மறுபடி கேட்பது. 20 நிமிடப் பேட்டிக்குப் பத்து நிமிடம் ஆகும்.

சேசிஸ் எண்ணில் ஒரு வசதி இருக்கிறது. 17 இடங்கள் கொண்ட வாகன அடையாள எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, சுழியம் என்ற எண்களோடு குழம்பக்கூடாது என்பதற்காக. "ஓ" என்று கேட்டால் அவர் சுழியத்தைச் சொல்கிறார். டைப் செய்ததை எண்ணிப் பாருங்கள், 16 வந்தால் ஒன்றை விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் "டபுள் ஃபோர்" என்றதை ஒரு நான்காகப் போட்டிருப்பீர்கள்.

தமிழ் எண்களில் இருபது–அறுபது, ஐம்பது–எண்பது ஜோடிகள் போனில் ஒன்றுபோல விழும். ஆங்கிலத்தில் சொன்னால் ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி. இதே பேட்டியில் வேறிடத்தில் தெளிவாகச் சொன்னால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கிளைம் படிவத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள். படிவத்தில் 60 என்றும் பேட்டியில் 20 என்றும் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் பேட்டியே எடுத்திருக்கலாம்.

உத்தேசமாகச் சொன்னதை எண்ணாக்க வேண்டாம். "நாலஞ்சு பேர்" என்பது 45 பேர் ஆனதும், "பத்து பன்னெண்டு அடி" என்பது 10.12 அடி ஆனதும் உண்டு. "நாலஞ்சு" என்றே எழுதுங்கள். "எட்டே முக்கால்" என்பதும் 8.45 இல்லை, "எட்டே முக்கால்"தான். நேரமா, கிலோமீட்டரா என்பது அடுத்த சொல்லில் இருக்கும்.

கேள்வி: பேச்சை எழுத்தாக்கும் தானியங்கி மென்பொருளில் போட்டுத் திருத்தினால் பாதி நேரம் மிச்சமாகாதா?
– பொறியியல் படித்த வாசகர்

தெளிவான, ஒருவர் மட்டும் பேசும் பதிவில் ஆகும். காப்பீட்டுப் பேட்டியில் மென்பொருளின் தவறுகள் வேறு மாதிரி. மனிதர் விட்ட இடம் ஓட்டையாகத் தெரியும். இயந்திரம் விட்ட இடம் வழுவழுப்பாக, இலக்கணப் பிழையின்றி, தவறாக இருக்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். விஸ்பர் போன்ற கருவிகள் ஆடியோவை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கின்றன. நீண்ட அமைதியோ வெறும் இரைச்சலோ வந்தால் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதுவதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் உண்டு. அழுது நிறுத்திய சாட்சியின் பத்து விநாடி அமைதியில் ஒரு வாக்கியம் முளைத்தால் என்னாகும் என்று யோசியுங்கள்.

தடுமாற்றத்தையும் அது துடைத்துவிடும். "நான் எழுபதுல... அறுபதுல வந்தேன்" என்பது "நான் அறுபதில் வந்தேன்" ஆகும். விசாரணையாளருக்கு வேண்டியதே அந்த எழுபது. யார் பேசியது என்று பிரிப்பதிலும் "ம்", "சரி" போன்ற ஒற்றைச் சொல்லை எதிராளியின் கணக்கில் எழுதிவிடும். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் இடங்கள் சொல்லவே வேண்டாம். "சப்ரொகேஷன்", "சால்வேஜ்" போன்ற காப்பீட்டுச் சொற்கள் வந்தால் அது தனக்குத் தெரிந்த வேறெதையோ போடும்.

பயன்படுத்துவதானால், முதல் வரைவாக எடுத்து, ஆடியோவை முழுவதும் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். கண்ணால் மட்டும் படித்துத் திருத்துவது திருத்தமே இல்லை. சுமாரான ஆடியோவில் இப்படி ஒப்பிட ஆகும் நேரம் புதிதாக டைப் செய்வதற்குச் சமமாகவே வரும். நிறுவனத்தின் அனுமதியில்லாமல் இணையத்தில் இயங்கும் எந்தக் கருவியிலும் இந்த ஃபைல்களை ஏற்றாதீர்கள். அடுத்தவர் வங்கி எண்ணும் நோய் விவரமும் அதில் இருக்கின்றன.

கேள்வி: நடுவில் பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அதை எழுத வேண்டுமா?
– வாசகி

கட்டாயம். "[பதிவு நிறுத்தம் 00:14:20]", "[பதிவு தொடர்ச்சி]" என்று. மறுபடி தொடங்கும்போது நேரத்தையும், இடைவேளையில் என்ன பேசினோம் என்பதையும் விசாரணையாளர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அவர் குறை, நீங்கள் இரண்டு துண்டையும் ஒட்டி மறைக்காதீர்கள். வாக்கியத்தின் நடுவிலேயே ஃபைல் தொடங்கினால் அதையும் குறியுங்கள். முடிவில் "சொன்னதெல்லாம் உண்மைதானே, பதிவானது தெரியும்தானே" என்ற கேள்விகள் இல்லாமல் அறுந்திருந்தால் "[பதிவு இத்துடன் முடிகிறது]". அறுந்த இடம் தெரிந்தால்தான் மீதி வேறு ஃபைலில் இருக்கிறதா என்று தேடுவார்கள். பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: சாட்சி அழுகிறார், தயங்குகிறார். குறிக்கலாமா?
– வாசகர்

"[அழுகை]", "[சிரிப்பு]", "[8 விநாடி மௌனம்]": காதுக்குக் கேட்பது. "[தயங்குகிறார்]", "[மழுப்புகிறார்]": உங்கள் கருத்து. முதல் வகை மட்டும். மரணக் கிளைம்களை ஒரே நாளில் மூன்று நான்கு அடுக்கிக்கொள்ள வேண்டாம். இடையில் கண்ணாடி உடைந்த கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆடியோ நிமிடக் கணக்கில் கூலி நல்லதா, டைப் செய்த வரிக் கணக்கிலா?
– தனியாகத் தொழில் தொடங்கும் வாசகி

நிமிடத்துக்கு 200 சொல் பேசுபவரின் அரை மணிப் பேட்டியில் 6,000 சொல். 120 சொல் பேசுபவரிடம் 3,600. நிமிடக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே கூலி. வரிக் கணக்கு அந்த அநியாயத்தைச் சரிசெய்யும். ஆனால் வரி என்றால் என்ன என்று முதலில் பேசிவிடுங்கள். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி என்பது பழைய வழக்கம். தமிழில் 'கொ' என்பதைச் சில மென்பொருள் ஒன்றாக எண்ணும், சில இரண்டாக எண்ணும். எந்த மென்பொருளின் எண்ணிக்கை என்பதும் பேச்சில் இருக்கட்டும். அத்துடன், வரிக் கணக்கில் மோசமான ஆடியோவுக்கு நீங்கள்தான் நஷ்டப்படுவீர்கள், ஒரு வரிக்குப் பத்து முறை கேட்பதற்கு யாரும் தரமாட்டார்கள்.

எங்கள் விருப்பம் நிமிடக் கணக்குதான், இரண்டு நிபந்தனைகளோடு: வேலையை ஒப்புக்கொள்ளுமுன் நடுவிலிருந்து இரண்டு நிமிடம் கேட்டுப் பார்க்கும் உரிமை, மூன்றாவது ஆள் பேசினாலோ ஸ்பீக்கர்போன் என்றாலோ கூடுதல் விகிதம். தொடக்கத்திலிருந்து கேட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயர், தேதி சொல்லும் முதல் இரண்டு நிமிடம் எல்லாப் பேட்டியிலும் தெளிவாகத்தான் இருக்கும்.

கேள்வி: மாலையில் காதில் இரைகிறது.
– வாசகர்

ஒலியளவைக் கூட்டிக் கேட்கிறீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. கேட்காத சொல்லுக்கு ஒலியைக் கூட்டுவதைவிட, காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போட்டு அறையின் சத்தத்தைக் குறைப்பது பலன் தரும். போனைக் கீழே போட்ட சத்தம் திடீரென வெடிக்கும் ஃபைல்களுக்கு, ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் வசதியைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் சில நாளில் அடங்காவிட்டால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விபத்து நடந்தது செவ்வாய். அவர் "புதன்கிழமை" என்கிறார். தேதியை வைத்துப் பார்த்தால் தவறு என்று எனக்கே தெரிகிறது. திருத்திவிடலாமா?
– வாசகி

"புதன்கிழமை" என்றே எழுதுங்கள். சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஃபைலை அனுப்பும் மடலில் "00:03:55இல் கிழமையும் தேதியும் பொருந்தவில்லை" என்று ஒரு வரி போடுங்கள், தாளுக்குள் வேண்டாம்.